அன்றாடக் கடமையும் அகமகிழ்வும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)

    

இம்மாதக் கூட்டத்தில் எப்பொருள்பற்றிப் பேசப் போகின்றீர் எனச் செயலாளர் அவர்கள் எம்மை வினவியபொழுது, பழைய இலக்கியம் ஒன்றைப்பற்றி யாம் பேசுவோம் என எதிர்பார்த்தனர் போலும். யாமோ, நாம் ஒவ்வொருவரும் நாள்தோறும் செய்துவரும் சிறு வேலைகளைப்பற்றிப் பேச விரும்பினோம். வைகறையில் எழுதல், வாயில் தெளித்தல், அடுப்பு மூட்டுதல், வயலுக்குச் சென்று நீர் பார்த்தல், கடை திறத்தல், பள்ளிக்குச் செல்லுதல் என்னும் இவையும் ஒரு சொற்பொழிவுக்குப் பொருளாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். ஆகும் என்பதே எமது துணிபு.

எளிய கணக்கொன்றைக் காண்பாம். அறுபது ஆண்டு வாழும் ஒருவர்க்கு 21,900 நாட்கள் கிடைக்கின்றன. அவற்றுள் திருமணம், திருவிழா, பண்டிகை, உறவினர் கூட்டம் ஆகிய சிறப்பு நாட்கள் ஆண்டிற்கு இருபது எனத் தாராளமாகக் கணக்கிட்டாலும், மொத்தம் 1,200 நாட்களே ஆகும். எஞ்சிய 20,700 நாட்களும் சாதாரண நாட்கள். மகிழ்ச்சி என்பது சிறப்பு நாட்களில் மட்டும் வந்துபோகும் விருந்தாளி என நாம் எண்ணிக்கொண்டால், வாழ்நாளின் பெரும்பகுதியைக் காத்திருப்பதிலேயே கழித்தவர்கள் ஆவோம். ஒரு பண்டிகைக்கும் அடுத்த பண்டிகைக்கும் இடையே கிடக்கும் நாட்கள் வெறும் வழிநடையல்ல, அவையே வாழ்க்கை.

நம் முன்னோர் கடமைகளை நித்தியம், நைமித்திகம் என இருவகையாகப் பிரித்தனர். நாள்தோறும் தவறாது செய்வன நித்தியம். ஒரு காரணம்பற்றி எப்பொழுதாவது செய்வன நைமித்திகம். கோயில்களில் நாள் வழிபாடு குன்றின் திருவிழா நடத்துதல் சிறவாது என்பது பெரியோர் கொள்கை. இல்லத்திற்கும் இஃது ஒக்கும். ஆயினும், இக்காலத்து நாம் நைமித்திகத்திற்குப் பொருளும் உள்ளமும் வாரி வழங்குகின்றோம். நித்தியத்தையோ, "எப்படியாவது முடிந்தால் போதும்" எனத் தள்ளிவிடுகின்றோம். "அதே வேலை, அதே முகங்கள், அதே தெரு" எனச் சலித்துக்கொள்ளாதார் நம்முள் எத்துணைப் பேர்?

அதே வேலை என்பது உண்மைதானா என்பதை முதலில் ஆராய்வாம். நாம் காவிரிப் பாசனத்தில் பிறந்து வளர்ந்தோம். 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பெற்றபின், நீரிருப்பு வாய்த்த ஆண்டுகளில் சூன் 12-ஆம் நாள் அணை திறக்கப்படுதல் வழக்கமாயிற்று. அந்நீர் கல்லணையை அடைந்து, ஆறுகளிலும் வாய்க்கால்களிலும் பிரிந்து, நம் ஊர் மடைக்கு வந்து சேர்கின்றது. குறுவைக்கு நாற்று விடுகின்றோம். பின்னர்ச் சம்பா, தாளடி. உழுதல், பரம்படித்தல், நடுதல், களை பறித்தல், அறுத்தல் எனப் பாட்டனார் செய்த வேலைகளையே பேரனும் செய்கின்றான். பொறிகள் வந்து கருவிகள் மாறினவேயன்றி வேலையின் வரிசை மாறவில்லை. எனினும், விதைத்த நெல் முளைவிட்டதைக் கண்டு, "சென்ற ஆண்டு கண்டதுதானே" எனச் சலித்த உழவரை யாம் இதுவரை கண்டதில்லை.

அதன் காரணம் யாது? விடியலில் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வயலுக்குச் செல்லும் உழவர், நேற்றைய நீர் இன்று எவ்வளவு வற்றியிருக்கின்றது என நோக்குகின்றார். வரப்பில் நண்டு வளையிட்ட இடத்தைக் கண்டு சேறப்பி அடைக்கின்றார். பயிரின் நிறம் வெளுத்திருக்கின்றதா, தூர் கட்டியிருக்கின்றதா எனக் குனிந்து பார்க்கின்றார். நாள்தோறும் செல்வது ஒரே வயலுக்குத்தான். ஆனால் நாள்தோறும் காண்பது ஒன்றன்று. பார்க்கின்றவர்க்கு வேலை புதிதாகின்றது. பாராதவர்க்கே அது பழையதாகின்றது. இஃது யாம் கூறவிரும்பும் முதற்கருத்து.

இனி, இரண்டாவது கருத்துக்கு வருவாம். நாட்கடமைக்கு ஓர் அளவும் ஒரு குறிக்கோளும் வேண்டும். இதனை விளக்கத் தஞ்சைப் பெரிய கோயிலினும் சிறந்த சான்று நமக்கில்லை. 1010-ஆம் ஆண்டளவில் முதலாம் இராசராசன் எடுத்து முடித்த அக்கோயிலின் வானளாவிய விமானத்தை எல்லோரும் அண்ணாந்து பார்க்கின்றனர். அதன் அடியில் கல்லில் வெட்டப்பெற்ற எழுத்துக்களைக் குனிந்து பார்ப்பவர் சிலரே. அங்கே வெற்றிகளும் கொடைகளும் மட்டுமன்றி, ஒவ்வொரு நாளும் நிகழவேண்டிய சிறு பணிகளின் கணக்கும் எழுதப்பட்டிருக்கின்றது. ஒரு விளக்கு இடையறாது எரிய நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய் வேண்டும். அந்நெய்க்கு 96 ஆடுகள் ஒரு விளக்கிற்கென இடையரிடம் ஒப்படைக்கப்பெற்றன. இவ்வாறு விடப்பெற்ற ஆடுகளைச் சாவா மூவாப் பேராடுகள் எனச் சோழர் காலத்தார் வழங்கினர். ஆடுகள் சாவாமலும் மூவாமலும் இருக்குமோ எனின், இறப்பனவற்றைப் பிறப்பனவற்றால் ஈடுசெய்து, அத்தொகை என்றும் குறையாமற் காப்பதே அப்பெயரின் பொருள் என்க.

அன்பர்களே! சூரிய சந்திரர் உள்ளவரை ஒரு விளக்கு எரியவேண்டும் என விரும்பிய பேரரசன் அதற்கு யாது செய்தான்? கடல்போல் நெய்யைக் கொட்டி வைக்கவில்லை. நாளுக்கு ஓர் உழக்கு என அளந்து வைத்தான். பெரிய நினைவு நிலைபெறச் சிறிய அளவே துணையாயிற்று. மகன் கல்வியில் உயரவேண்டும், குடும்பத்தில் அன்பு பெருகவேண்டும், உடல் நலம் பெறவேண்டும் என நாமும் பெரிய எண்ணங்களை எண்ணுகின்றோம். அவ்வெண்ணத்தை நாளுக்கு ஓர் உழக்காக அளந்துகொள்ள மறந்துவிடுகின்றோம். இரவில் மகனருகே அமர்ந்து கால்மணி நேரம் அவன் படிப்பதைக் கேட்டல் ஓர் உழக்கு. முதிய தாயின் பக்கத்திலிருந்து இரண்டு சொல் பேசுதல் ஓர் உழக்கு. இவை நாள்தோறும் செலுத்தப்பெறின் விளக்கு அணையாது.

அக்கல்வெட்டுக்களில் வேறொரு செய்தியும் உண்டு. அதனை மறவாது உளங்கொள்ளுங்கள். கொடுத்த அரசன் பெயரோடு நில்லாமல், ஆடுகளை ஏற்று நெய் அளக்கவேண்டிய இடையர்களின் பெயர்களும் அவர்தம் ஊர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. நாட்பணி செய்தவன் பெயரும் கல்லில் நின்றது. இதனைப் பின்னர் மீண்டும் எடுத்துக்கொள்வாம்.

மூன்றாவதாக, செய்யும் தொழில் சிறிதெனினும் யாருக்காகச் செய்கின்றோம் என்னும் நினைவு அதனைப் பெரிதாக்கும். திருநாவுக்கரசர் பெருமான் திருவுருவத்தை நம் கோயில்களில் கண்டிருப்பீர்கள். அவர் கையில் இருப்பது யாது? ஏடன்று, எழுத்தாணியன்று, புல் செதுக்கும் உழவாரம். ஆயிரக்கணக்கான பாடல்களை அருளிய புலவர் பெருமானுக்கு அடையாளமாக நின்றது, கோயில் வெளியில் நாள்தோறும் முளைக்கும் புல்லை அகற்றிய கருவி. இன்று செதுக்கிய புல் நாளை மீண்டும் முளைக்கும் என்பதை அவர் அறியாதவரல்லர். நம் பகுதியில் உள்ள திருப்புகலூரில் அவர் உழவாரப்பணி செய்தபொழுது, மண்ணிடையே பொன்னும் மணியும் விளங்கக் கண்டு, அவற்றையும் கல்லோடு கல்லாகக் குளத்தில் எறிந்தார் எனப் பெரியபுராணம் கூறும். பொன் கிடைத்ததனால் அப்பணி உயரவுமில்லை. கிடையாதிருப்பின் தாழ்ந்திருக்கவும் மாட்டாது. அவர்க்குப் பணியே பேறாயிருந்தது.

பிற நாட்டிலும் இவ்வுண்மையைக் கண்டோர் உளர். பாரிசு நகரத்துத் துறவிமடம் ஒன்றின் அடுக்களையில் நெடுங்காலம் பணியாற்றி 1691-இல் மறைந்த லாரன்சு என்னும் அடியார், பாத்திரங்களின் ஓசைக்கிடையிலும் வழிபாட்டிடத்து அமைதியையே தாம் பெற்றதாகக் கூறிவந்தார். அவர் கூறியவற்றைப் பிறர் தொகுத்து வைத்தனர். அச்சிறு நூலை உலகம் இன்றும் படிக்கின்றது. மொழியும் சமயமும் வேறாயினும் உள்ளத்தின் இயல்பு ஒன்றே என்பது இதனால் விளங்கும்.

அடியார்க்கு இயலும், நம்மனோர்க்கு இயலுமோ என்பீர்களாயின், எம்மைப்போலும் தமிழாசிரியர் ஒருவரைக் காட்டுவாம். பாபநாசத்தை அடுத்த உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்டு 1855-இல் பிறந்த டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1880-ஆம் ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்து, 1903 வரை அங்கே பணியாற்றினார்கள். பகலில் வகுப்பு, மற்றை நேரத்தில் ஏட்டுச்சுவடி. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிராது. குறிலும் நெடிலும் சில இடங்களில் வேறுபாடின்றி இருக்கும். செல்லரித்த இடங்கள் பல. ஓர் ஏட்டை மற்றோர் ஏட்டோடு ஒப்புநோக்கி, ஒரு சொல்லுக்காக நாட்கணக்கில் ஆராய்ந்து, அவர்கள் 1887-இல் சீவகசிந்தாமணியையும், 1889-இல் பத்துப்பாட்டையும், 1892-இல் சிலப்பதிகாரத்தையும், 1894-இல் புறநானூற்றையும், 1898-இல் மணிமேகலையையும் அச்சேற்றினார்கள். இவை யாவும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்த ஆண்டுகளிலேயே வெளிவந்தன. தமிழுலகம் அவர்களுடைய பேருழைப்பைப் போற்றுகின்றது. அப்பேருழைப்பை ஆராய்ந்தால், இன்று ஓர் ஏடு, நாளை ஓர் ஏடு என்னும் நாட்கடமையே அங்கே காணப்படும்.

எமது தொழிலிலிருந்தும் ஒன்று கூற அனுமதி வேண்டுகின்றோம். நாள்தோறும் காலையில் வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர்களைப் படிக்கின்றோம். "உள்ளேன் ஐயா" என்னும் விடை நாற்பது முறை வருகின்றது. இதனைவிடச் சலிப்பான வேலை வேறுண்டோ எனத் தோன்றலாம். ஆனால் பெயரைப் படித்தவுடன் தலைநிமிர்ந்து அம்முகத்தைப் பார்ப்பது என ஒரு வழக்கத்தை யாம் கொண்டிருக்கின்றோம். ஒரு குரல் தணிந்து வரின் அப்பிள்ளை காலையில் உண்ணாமல் வந்திருக்கக் கூடும்; ஒரு குரல் துள்ளி வரின் வீட்டில் விருந்தினர் வந்திருக்கக் கூடும். பதிவேட்டில் நாம் இடும் குறி ஒன்றே. பதிவேட்டுக்கு வெளியே அறியும் செய்தியோ நாற்பது. இதற்கு மிகுதியாக ஆகும் நேரம் இரண்டு நிமிடமும் இல்லை.

இவ்விடத்தில் இக்காலத்து இடையூறொன்றையும் கூறவேண்டும். ஆட்டுக்கல்லும் அம்மியும் பெரும்பாலும் ஓய்ந்தன. மின்னரைவை இயந்திரமும் எரிவாயு அடுப்பும் வந்தன. நேரம் மிஞ்சியது, மிஞ்சிய நேரத்தைக் கைப்பேசி கவர்ந்துகொண்டது. உண்ணும்பொழுதும் அது, பிள்ளையோடு பேசும்பொழுதும் அது. கை ஒரு வேலையிலும் கண் வேறொன்றிலும் இருக்குமாயின், உண்டது சோறோ பொங்கலோ என்பதும் நினைவிராது. கருவியை யாம் குறை கூறவில்லை. அதனால் விளையும் நன்மை பல. செய்யும் வேலையின்மேல் உள்ளம் இருக்கவேண்டிய வேளையில் அதனை வேறிடத்தில் வைத்தல் நலமென்பதே எமது கருத்து.

இனி, நம் இல்லங்களுக்குள் நுழைவாம். வைகறையில் வாயில் தெளித்து, புள்ளி வைத்து, இழை பிசகாமல் கோலமிடும் நம் தாய்மாரின் கைவினை, நாட்கடமையில் அழகைச் சேர்ப்பதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் பலர் காலடியில் அழிகின்றது. அரிசிமாவை எறும்பு கொண்டுசெல்கின்றது. மறுநாள் வேறொரு கோலம். பள்ளி சென்றறியாத பாட்டியும் எத்துணையோ கோலங்களை மனத்தில் வைத்திருப்பாள். அதன் இழை செல்லும் முறையில் நுண்ணிய கணிதம் அடங்கியிருக்கின்றது என்பதைச் சென்னைக் கிறித்துவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி முதலிய அறிஞர்கள் கண்டு, 1974-இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக உலகிற்கு அறிவித்தனர். அறிஞர் வியந்த அக்கலையை நாம் மிதித்துக்கொண்டு செல்கின்றோம். ஒரு நாளேனும் நின்று பார்த்து, "இன்று நன்றாக அமைந்திருக்கின்றது" எனச் சொன்னோமா?

இவ்விடத்தில்தான் யாம் அஞ்சுவதொன்று உண்டு. "அன்றாட வேலையை மகிழ்ந்து செய்க" என்னும் அறிவுரை, திண்ணையில் அமர்ந்திருப்பவர் அடுக்களையில் நிற்பவருக்குக் கூறும் உரையாக மாறிவிடலாகாது. இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019-ஆம் ஆண்டில் நாடெங்கும் மக்கள் நேரத்தைச் செலவிடும் முறைபற்றிக் கணக்கெடுத்தது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அவ்வாறு ஈடுபட்டவர்களுள்ளும் பெண்கள் செலவிட்டது சராசரி 299 நிமிடம். ஆண்கள் செலவிட்டது 97 நிமிடம். ஏறத்தாழ ஐந்து மணி நேர உழைப்பை ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு, அதனை முகமலர்ச்சியோடு செய்க என்று கூறுதல் அறமாகுமோ? ஆகாது என்பது வெள்ளிடைமலை.

வயலிலும் இவ்வாறே. நம் தஞ்சை நிலத்தில் தலைமுறை தலைமுறையாகப் பண்ணையாட்கள் நாள் தவறாது உழைத்தனர். நடவும் அறுப்பும் அவர்தம் கைவண்ணமே. எனினும், 1952-இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வரும்வரை, வேண்டாதபொழுது தம்மை வெளியேற்றாமைக்கும் நியாயமான கூலிக்கும் அவர்களுக்குச் சட்டத்தின் காப்பு இருந்ததில்லை. கட்டாயத்தின்கீழ்ச் செய்யும் வேலையில் மகிழ்ச்சியைத் தேடுக என அவர்களுக்கு உபதேசித்திருப்பின், அது புண்ணில் உப்பிடுவது ஆகியிருக்கும். ஆதலின், செய்பவர் விரும்பிச் செய்யவும், சுமை ஒருவர்மேல் மட்டும் விழாமல் பகிரப்படவும், உரிய கூலியும் ஓய்வும் நன்றியும் அவர்க்குக் கிடைக்கவும் வழிசெய்த பின்னரே மகிழ்ச்சிபற்றிப் பேச நமக்கு உரிமை பிறக்கும்.

"அவ்வாறாயின், கடமையை மகிழ்ந்து செய்தல் என்பதே வீண்பேச்சா?" என வினவலாம். அன்று. சுமை பகிரப்பட்ட இல்லத்தில் வேலை வேலையாகவே இருக்கும். சலிப்பு மட்டும் குறையும். ஒருவர் காய் நறுக்க, ஒருவர் நீர் கொணர, ஒருவர் பாத்திரம் துலக்க, இடையே பேச்சும் சிரிப்பும் நிகழும் அடுக்களையை நினைத்துப் பாருங்கள். அங்கே மகிழ்ச்சியை யாரும் அறிவுறுத்த வேண்டுவதில்லை. அது தானே வந்து அமரும்.

இவற்றைக் கேட்டுக் கலைந்து செல்வதோடு அமையாமல், நம் சங்கத்துக் குடும்பங்கள் கைக்கொள்ளத்தக்க நான்கு வழிகளைக் கூறுகின்றோம். முதலாவது: வீட்டிலுள்ள ஆடவரும், பத்து வயது நிரம்பிய ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும், ஆளுக்கொரு நாட்கடமையைத் தமக்கென எடுத்துக்கொள்க. அதனை நினைவூட்டும் வேலையும் தாயின்மேல் விழலாகாது. இரண்டாவது: அக்கடமையைச் செய்யும் பொழுதும் உண்ணும் பொழுதும் கைப்பேசியை வேறிடத்தில் வைத்திடுக. மூன்றாவது: பிறர் செய்ததை நாளுக்கு ஒருமுறையேனும் பெயர் சொல்லிப் பாராட்டுக. பேரரசன் கல்லில் இடையர் பெயரைப் பொறித்தான். நமக்குக் கல்லும் உளியும் வேண்டா, ஒரு சொல் போதும். நான்காவது: வாரத்தில் ஒரு வேளையேனும் சமைப்பவர்க்கு அடுக்களையிலிருந்து விடுதலை தருக.

இறுதியாக ஒரு விண்ணப்பம். இக்கூட்டம் முடிந்ததும் நாமெல்லாம் உணவருந்தச் செல்ல இருக்கின்றோம். நாம் இங்கே அமர்ந்து பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கும் இவ்வேளையில், பின்கட்டில் சிலர் புகையிலும் வெம்மையிலும் நின்றுகொண்டிருக்கின்றனர். எமது சொற்பொழிவில் ஒரு சொல்லும் அவர்கள் செவிக்கு எட்டவில்லை. நம் சங்கத்தில் ஆடவர் முதற்பந்தியிலும், சமையற்கட்டில் உழைத்த தாய்மாரும் பணியாட்களும் கடைசிப் பந்தியிலும் அமர்வது வழக்கமாயிருந்து வருகின்றது. இன்று அவர்கள் முதற்பந்தியில் அமர்க. இளைஞர்கள் இலையிட்டுப் பரிமாறுக. யாமும் சாம்பார் வாளியை எடுத்துக்கொள்ள அணியமாயிருக்கின்றோம். இன்றைக்கு மட்டும் செய்தால் இது நைமித்திகமாகிவிடும். திங்கள்தோறும் செய்து இதனை நம் சங்கத்தின் நித்தியமாக ஆக்கிக்கொள்ளுமாறு தலைவர் அவர்களையும் உறுப்பினர்களையும் பணிந்து வேண்டுகின்றோம்.